வாளை நிறுத்துகிற பிடி

என் துரும்பே,

உன்னைத் தின்ற வட்ட வாள் இன்றைக்கு மறுபடி ஓடியது. பொட்டு வைத்து ஓடவிட்டது நான்தான். வேறு யார் வாயாலும் இது உனக்குத் தெரியக் கூடாது என்று எழுதுகிறேன். கோபிக்காதே. முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

எழுதுவது உன் பென்சிலால்தான். காதில் செருகி வைத்திருப்பாயே, அந்தத் தட்டைப் பென்சில். உளி, கொட்டாப்புளியோடு சேர்த்து உன்னோடு வேலை செய்த சிங்களத் தச்சர் கிரிபண்டா பாஸ் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தும் நீ கொடுத்ததுதான். பலகைத் துண்டில் எழுதிக் காட்டிவிட்டு, "அக்கா, ஒன் ழகரம் நொண்டுது" என்று சிரிப்பாய். இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் திருத்த யார் இருக்கிறார்கள்?

நாளைக்கு ஆயுத பூசை. ரப்பர் உருட்டுகிற ஸ்டோரில் எல்லாரும் கூடும்போது கணக்கப்பிள்ளை ஐயா இதை உரக்கப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் படிக்காவிட்டால் நானே படிப்பேன். நொண்டி நொண்டியாவது படிப்பேன்.

நீ பிறந்தபோது என் ஒரு கைக்குள் அடங்கினாய். பேர் பதிந்தது வீரையா என்று. நான் கூப்பிட்டது துரும்பு. அம்மா உன்னை என் மடியில் போட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். அப்பா போன பிறகு, ஒருநாள் காய்ச்சலில் அம்மாவும் போய்விட்டாள். அதன்பிறகு நீயும் நானும்தான்.

வாள் வருவதற்கு முந்தின நாட்களை நினைத்துக்கொள்கிறேன். ரப்பர் அனுப்புகிற பெட்டிக்குப் பலகை வேண்டும். மரத்தைக் குழிமேல் ஏற்றிவைத்து, மேலே நின்று கிரிபண்டா பாஸ் வாளை இழுப்பார். கீழே குழிக்குள் நின்று நீ இழுப்பாய். தூள் முழுக்க உன் கண்ணில்தான். சாயந்தரம் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய் வருவாய். ஆறின தேயிலைத் தண்ணீர் விட்டு நான் கழுவுவேன். கழுவும்போதும் வாய் சும்மா இருக்காது.

"அக்கா, மிஷின் வாளு வந்தா ஒரு மாசத்துப் பலகைய ஒரு வாரத்துல அறுத்துப் போட்டுருவேன்."

"வரும், வரும். நீ கண்ணத் தொற."

ருவான்வெல்லை இரும்புக்கடைக்கார நானா மிஷின் படம் போட்ட புத்தகம் ஒன்று வைத்திருந்தாரே. ஆணி வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் புரட்டிப் புரட்டி அழுக்காக்கினாய். கடைசியில் அவரே, "இந்தாங்க தம்பி, இந்தப் பக்கத்தக் கொண்டு போங்க, என் புத்தகத்த விட்டிருங்க" என்று கிழித்துக் கொடுத்தார். அதைச் சோற்றுப் பசை தடவி, நம்ம லயத்து அறைச் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாய்.

பக்கத்து அறைச் செல்லம்மா பார்த்துவிட்டாள். "அடி காத்தாயி, வயசுப் பயலுக பொம்பளப் படம் ஒட்டுவானுக. ஒன் தம்பி வாளு படத்த ஒட்டியிருக்கான். தாலிய அதுக்கா கட்டப் போறான்?"

"வாளுக்குப் பல்லு மட்டுந்தான் மதினி, வாய் கெடயாது. ஒங்களுக்கு ரெண்டும் இருக்கே!" என்றாய். அன்றைக்கு லயமே சிரித்தது.

கிரிபண்டா பாஸுக்குச் சீவுகிற மிஷின்மேல் ஆசை. உனக்கு வாள், அப்புறம் துளை போடுகிற மிஷின், அப்புறம் வாள் தீட்ட பெல்ட்டில் ஓடும் சாணைக் கல். வராத மிஷினுக்குக் கொட்டகையில் இடம் பிரித்து இரண்டு பேரும் சண்டை போடுவீர்கள். "ஜன்னல் பக்கம் எனக்கி" என்பார் அவர். "ஜன்னல் பக்கம் வாளுக்கு, பாஸ். நீளப் பலகை வெளியே போகணும்ல" என்பாய் நீ. ஒரு தடவை அதற்காக இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தீர்களே!

அந்தப் படத்தில் மூன்று சாமான் இருந்தது. எனக்கு நீ விரல் வைத்துக் காட்டினாய். ஒன்று வாள். ஒன்று வாளுக்குமேல் கவிந்திருக்கும் இரும்புத் தொப்பி. இன்னொன்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடி.

"அக்கா, ஸ்டோர் இஞ்சின நெனச்ச நேரம் நிறுத்த முடியாது. ரப்பர் உருளையெல்லாம் அதுலதான் ஓடுது. வாள மட்டும் நிறுத்தணும்னா இந்தப் பிடி வேணும். இங்க பாரு, ரெண்டு சக்கரம். ஒண்ணு வாளோட சேந்து சுத்தும், ஒண்ணு சும்மா சுத்தும். பிடிய இழுத்தா பெல்ட்டு சும்மா சுத்துற சக்கரத்துக்குப் போயிரும். வாளு நின்னுரும். இஞ்சின் பாட்டுக்கு இஞ்சின் ஓடும். இதுதான் முக்கியம்."

எனக்குப் புரிந்தது, துரும்பே. படிக்காதவள் என்று நீ ஒருநாளும் எனக்குப் பாதியாய்ச் சொன்னதில்லை.

லொறியில் வாள் வந்தது. தொப்பி வரவில்லை. பிடி வரவில்லை. அது வேறு சாமானாம், தனியாக எழுதி எடுக்க வேண்டுமாம். "பொறகு பாத்துக்கலாம்னு தொரை சொல்லிட்டாரு" என்றார் கங்காணி. நீ அன்று ராச்சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் மறுநாள் முதல் பலகை அறுபட்டபோது உன் முகத்தை நான் பார்த்தேன். குழிக்குள் இனி இறங்க வேண்டாம் என்கிற முகம் அது.

பிடிக்குப் பதிலாக ஒரு கித்துள் மரக் கம்பு வைத்துக்கொண்டாய். வாளை நிறுத்த வேண்டுமானால், ஓடுகிற பெல்ட்டைக் கம்பால் நெம்பித் தள்ளிவிடுவாய். பாஸும் அப்படித்தான் செய்வார். ஸ்டோரில் எல்லாருக்கும் தெரியும். துரையும் நின்று பார்த்திருக்கிறார். பிடி எப்போது வரும் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கேட்கிறவன் வாயும் சொல்கிறவர் வாயும் ஓயவில்லை. பிடி மட்டும் வரவில்லை.

அன்றைக்கு மழை இல்லை. பால் நிறையக் கிடைத்தது. நான் வாளியோடு பால் அளக்கிற இடத்தில் வரிசையில் நின்றேன். கொட்டகையில் வாள் இரைந்தது. உன் வாள்தானே என்று நின்றேன். பிறகு இஞ்சின் நின்றது. வெயில் உச்சிக்கு வராத நேரத்தில் இஞ்சின் நிற்காது. எண்ணெய் தீர்ந்துவிட்டது போல என்று எனக்கு முன்னால் நின்றவள் சொன்னாள். நான் பாலை ஊற்றினேன். அளந்தார்கள். வாளியைக் கழுவினேன்.

அப்புறம்தான் பாஸ் ஓடிவந்தார். அவர் சட்டையெல்லாம் சிவப்பு. அவருக்குத் தமிழே மறந்துபோயிருந்தது. "மல்லி, மல்லி" என்று மட்டும் சொன்னார். தம்பி, தம்பி என்று.

பெல்ட்டு கம்பை இழுத்ததாம். கம்போடு கையை இழுத்ததாம். மேலே சுழலுகிற தண்டு மிச்சத்தை இழுத்ததாம். இதற்குமேல் நான் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

உனக்குப் பெட்டி செய்யப் பலகை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுக்கில் இருந்ததெல்லாம் காலையில் நீயே அறுத்தது. பாஸ் அதைத் தொடவில்லை. "அக்கே, மிஷின் வெட்டின பலகை மல்லிக்கி வேணாங். நா கையால அறுக்கிறது" என்றார். குழிக்குமேல் அவர் நின்றார். கீழே நீ நின்ற இடத்தில் அவர் மைத்துனன் நின்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். சீவவும் சீவினார். அவ்வளவு வழவழப்பான பெட்டியில் இந்தத் தோட்டத்தில் யாரும் போனதில்லை.

அப்புறம் வாளை யாரும் தொடவில்லை. இங்கே வழக்கம் உனக்குத் தெரியும். உயிர் குடித்த மிஷினுக்கு அந்த வீட்டு ஆள் கையால் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்க வேண்டும். அதுவரைக்கும் கூலிக்காரன் எவனும் கிட்டே போக மாட்டான். நம்ம வீட்டில் மிஞ்சினது நான் ஒருத்தி.

கங்காணி வந்தார். "காத்தாயி, நடந்தது நடந்து போச்சு. நீ வந்து ஒரு பொட்டு வச்சிட்டா வேல நடக்கும்."

"வைக்கிறேங்க. பிடியும் தொப்பியும் வரட்டும்."

"என்னா பிடி?"

"வாள நிறுத்துற பிடிங்க. படத்துல இருக்கு."

"ஏன்டி, நீ பால் வெட்டுறவளா, இஞ்சினியரா?"

"பால்தாங்க வெட்டுறேன். பிடி வந்தாத்தான் பொட்டு."

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். வேலைப் புத்தகத்தில் பேரை வெட்டிவிடுவோம், லயத்தைக் காலி பண்ணு என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். காலி பண்ணி எங்கே போவேன்? ஆனாலும் சட்டி பானையை மூட்டை கட்டி வாசலில் வைத்துக்கொண்டேன். வந்து தூக்கி எறியட்டும் என்று.

பூசாரியை வைத்துப் பொட்டு வைத்துப் பார்த்தார்கள். பூசணிக்காயும் உடைத்தார்கள். ஒருவரும் வரவில்லை. "அந்த வீட்டு ரத்தம். அந்த வீட்டுக் கை வேணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

துரை கஷ்டப்படுத்தினது எனக்குப் பெரிதில்லை, துரும்பே. நம்ம ஆட்கள்தான். பெட்டி இல்லாமல் ரப்பர் தேங்கியது. ஸ்டோர் ஆட்களுக்கு அரை நாள் வேலை ஆனது. பீலியில் விழுகிற தண்ணீருக்குக் குடம் வைக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். செல்லம்மாகூட, "செத்தவன் வரப்போறதில்ல. ஒரு குங்குமத்துக்கு இத்தன பேரு வயிறு காயணுமா?" என்று என் காதுபடச் சொன்னாள். அவள் புருஷன் ஸ்டோரில்தானே வேலை செய்கிறான். அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாஸ் மறுபடி குழிக்குத் திரும்பினார். வயசான மனுஷன், இப்போது கீழே நிற்பது அவர். மைத்துனன் இனிக் குழிக்குள் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். கண் சிவந்து வாசலில் வந்து உட்கார்ந்தார். தேயிலைத் தண்ணீர் விட்டு நானே கழுவினேன்.

"நீங்களும் வைக்கச் சொல்றீங்களா பாஸ்?" என்று கேட்டேன்.

"எபா! எபா, அக்கே," என்று தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. "வச்சா அடுத்த ஆள் நாந்தானே."

அதற்குப் பிறகு நான் யாருக்கும் அசையவில்லை. நீ ஒட்டின படத்தைச் சுவரிலிருந்து பால் கத்தியால் சுரண்டி எடுத்தேன். ஓரம் கிழிந்தது, மன்னித்துக்கொள். அதைக் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் நின்றேன். துரை வந்தார். பேசத் தெரியவில்லை எனக்கு. படத்தில் தொப்பியை ஒரு தடவை தொட்டுக் காட்டினேன். பிடியை ஒரு தடவை தொட்டுக் காட்டினேன். பிறகு பொட்டு வைக்கிற என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். கணக்கப்பிள்ளை ஐயா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் பேரை வெட்டவும் இல்லை, படத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

ஆயுத பூசை நெருங்கியது. லொறி வந்தது. கிரிபண்டா பாஸ் லயத்துக்கு ஓடிவந்து, "அக்கே! ஆவா! ஆவா!" என்று கத்தினார். வந்துவிட்டது என்று. வைக்கோலுக்குள் சுற்றி வந்திருந்தது. தொப்பி. இரண்டு சக்கரம். பிடி.

பொருத்தி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். குங்குமத்தோடு போனேன். "மொதல்ல ஓட்டுங்க" என்றேன். ஓட்டினார்கள். அந்த இரைச்சல் கேட்டதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பாஸ் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பிடியின்மேல் வைத்தார். இழுத்தேன்.

நின்றுவிட்டது, துரும்பே. நீ சொன்னபடியே. இஞ்சின் பாட்டுக்கு ஓடியது, உருளை பாட்டுக்கு ஓடியது, வாள் மட்டும் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. எவ்வளவு லேசு தெரியுமா? பால் வாளியைத் தூக்குவதைவிட லேசு. இவ்வளவு லேசானதற்கா நீ கம்பை எடுத்துக்கொண்டு போனாய்?

கங்காணி அவசரப்படுத்தினார். "ம், பொட்ட வை. வாளுல, பல்லுக்குக் கீழ வை."

நான் வாளில் வைக்கவில்லை. பிடியில் வைத்தேன்.

"அதுல இல்லடி, வாளுல!"

"இதுக்குத்தான் என் பொட்டு. வாளுக்கு வேணும்னா நீங்க வச்சிக்கிங்க."

செல்லம்மா புருஷன்தான் முதலில் வந்து பலகையைத் தூக்கி வைத்தான். பூசணிக்காயை வாசலில் உடைத்தேன். அழவில்லை. அழுதால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தியானமே ஒருத்தன் தொப்பியைக் கழற்றிவிட்டான். தடித்த பலகை இடிக்கிறதாம், வேலை சுணங்குகிறதாம். பாஸ் அவனைச் சிங்களத்தில் வைத வசவு லயம்வரைக்கும் கேட்டது. மறுபடி மாட்டினார்கள். நாளைக்கும் எவனாவது கழற்றுவான். எனக்குத் தெரியும்.

அதனால் எல்லாரும் கேட்கவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பால் கொண்டுவருகிற ஒவ்வொரு நாளும் கொட்டகை வாசலில் நான் நிற்பேன். தொப்பி வாளின் தலையில் இருக்கிறதா, பிடி இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாளியை இறக்குவேன். யார் வைதாலும் நிற்பேன். பால் கத்தி பிடிக்க முடியாத காலம் வந்தால் வெறுங்கையோடு வந்து நிற்பேன்.

இப்போது வாளை நிறுத்தினால் கொட்டகைக்குள் பேசுகிற பேச்சு வெளியே கேட்கிறது. பால் அளக்கிற இடத்தில் நான் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. அன்றைக்கு அந்த இரைச்சல்தான் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா காத்தாயி கேட்கிறேன்: அதற்குள்ளிருந்து நீ என்னைக் கூப்பிட்டாயா, துரும்பே?