நான் மூட்டிய கைலி

12.9.82

வக்கீலோடு வந்தவர்கள் மதினிக்கு நாற்காலி போட்டார்கள். முதலில் அதைத்தான் கவனித்தேன். எதிர்வீட்டு ஒச்சாயி அக்காவிடம் இரவல் வாங்கிய ஒரே நாற்காலி. அம்மா தரையில். நான் கதவுக்குப் பின்னால்.

அண்ணன் சப்ஜெயிலில் செத்து இன்றோடு இருபத்தேழு நாள். பம்புசெட் பழுது பார்க்கிறவரை மோட்டார் திருடன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஆறாம் நாள் பிணமாகக் கொடுத்தார்கள். தூக்கு மாட்டிக்கொண்டாராம். முகத்தை மட்டும் பார்க்க விட்டார்கள்.

மதுரை வக்கீல் மைக்கேல்ராஜ் மதினியைப் பார்த்தே பேசினார். “அடிச்சுக் கொன்னுட்டுத் தூக்குன்னு சொல்றாங்கம்மா. ஆர்.டி.ஓ. விசாரணையில நீங்கதான் தைரியமாச் சொல்லணும்.”

நீங்கதான்.

தையில்தான் கல்யாணம். ஏழு மாதப் பெண்டாட்டி. நான் பதினாறு வருசத் தங்கச்சி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பேசியிருப்பேனா? அது வேறு.

14.9.82

ஜெயிலுக்குப் பார்க்கப் போன அன்றும் இப்படித்தான். “ஒருத்தர்தான் உள்ள வரலாம்” என்றதும் அம்மா மதினியைத் தள்ளிவிட்டாள். நான் புளியமரத்தடியில் சோற்றுச் சட்டியோடு நின்றேன். மதினி அழுதுகொண்டே வெளியே வந்தாள். அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று இதுவரை வாய் திறக்கவில்லை. தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

21.9.82

விசாரணை. தாலுகா ஆபீசில் காலையிலிருந்து காத்திருந்து மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். மதினி விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள என்னையும் உள்ளே விட்டார்கள்.

பியூன் ஒரு கைலியை மேசையில் விரித்தான். நீலக்கட்டம். “இதுலதான் தூக்கு மாட்டியிருக்கான். இது ஒன் புருசன் கைலியாம்மா?” என்று அதிகாரி கேட்டார்.

மதினி அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். “அவுக கைலிதேன் சாமி.”

குமாஸ்தா எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள்.

அது அண்ணன் கைலி இல்லை.

ஆடிக்கு மதினியை அவள் ஆத்தா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்த நேரம். கல்லுப்பட்டிச் சந்தையில் அண்ணன் நீலக்கட்டம் போட்ட கைலி வாங்கி வந்தார். இரண்டு முனையும் சேர்த்துத் தைக்காத, மூட்டாத துணி. “தையக்கடைக்குப் போக நேரமில்ல, நீயே மூட்டிக் குடு கிளி” என்றார். வீட்டில் நீல நூல் இல்லை. சிவப்பு நூலில் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்தேன். “பம்புசெட்டுக்காரன் இடுப்புல கட்சிக் கொடியா?” என்று சிரித்தார். ஆனால் அதைத்தான் கட்டினார். மதினி ஊர் திரும்பும் முன்பே பிடித்துப்போய்விட்டார்கள்.

மேசையில் இருந்தது இரண்டு முனையும் திறந்த துணி. கடைக் கஞ்சி போகாமல் மொடமொடவென்று. கரையில் ஊசி நுழைந்த தடமே இல்லை. இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

“வேற யாரும் எதுவும் சொல்லணுமா?” என்றார் அதிகாரி. என் வாய் திறந்தது. “நீ யாரு?” என்றார் குமாஸ்தா. “தங்கச்சி.” “தள்ளி நில்லு.”

தள்ளி நின்றேன்.

22.9.82

குமாஸ்தா அதட்டியதால் சொல்லவில்லை என்று நேற்று எழுதப் பார்த்தேன். அது பொய். மதினி தப்பாகச் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. புருசன் கட்டிய துணிகூடத் தெரியவில்லை, பேரு மட்டும் பெண்டாட்டி. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுதவே கை கூசுகிறது.

10.10.82

பேப்பரில் மதினி படம், விசாரணை அன்று எடுத்தது. ஒச்சாயி அக்கா தெருவுக்கே காட்டினாள். “ஏன்டி கிளி, ஒன்னையப் போடலையா? கூடத்தான நின்ன?” என்னையும் போட்டிருக்கிறார்கள். முழங்கை வரைக்கும்.

மதினி அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். அதற்கும் எரிச்சல் வந்தது. வேண்டாதவளுக்குத்தான் எல்லாம் கிடைக்கிறது.

3.11.82

அப்படியானால் அண்ணன் கைலி எங்கே? அதில் என்ன இருந்தது என்று ஒளித்தார்கள்? மாவாட்டும்போது இது தோன்றியது. கை அப்படியே நின்றுவிட்டது.

28.11.82

வக்கீல் வந்தார். விசாரணை முடிந்துவிட்டதாம். தற்கொலை. “சாவுக்கு யாரும் பொறுப்பில்லைன்னு எழுதிட்டாங்க. கைலிய மனைவியே அடையாளம் காட்டினாங்கன்னு அதுல இருக்கு. புதுசா ஒரு ஆதாரம் வேணும். இல்லாட்டி திரும்ப விசாரிக்கச் சொல்லி மனுப் போட்டும் பிரயோஜனமில்லம்மா.”

அவர் போனதும் மதினி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். “நாந்தேன் அவுகளத் திரும்பக் கொன்னுட்டேன்.” அம்மா கையைப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை. சாப்பிடவில்லை.

நான் சாப்பிட்டேன். சோறு இறங்கியது. நான் என்ன பிறவி?

29.11.82

சொல்லிவிட்டேன். அடுப்படியில், மதினி கங்கு தள்ளிக்கொண்டிருந்தபோது. தலை நிமிராமல் எல்லாம் சொன்னேன்.

தள்ளுகோலை வீசி எறிந்தாள். என் தலைமயிரைப் பிடித்தாள். “அன்னைக்கே ஏன்டி சொல்லல? பக்கத்துலதான நின்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?”

வலித்தது. இழுக்கட்டும் என்று இருந்தேன். பிறகு அவளே விட்டுவிட்டாள்.

“என்ன நூலு?”

“செவப்பு.”

“நான் எங்க பாத்தேன். கம்பிக்கு அங்கிட்டு ஒரே இருட்டு. நீலக்கட்டந்தேன் தெரிஞ்சது.”

இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டேன். “அண்ணே என்ன சொன்னுச்சு மதினி, அன்னைக்கு?”

“பீடி கேட்டாக. அதுக்குள்ள வெளிய போன்னுட்டான். அம்புட்டுத்தேன்.”

அம்புட்டுத்தான். இதையா மூன்று மாதமாக அவளிடம் இருக்கிற புதையல் என்று நினைத்தேன்?

“நீயாவது ஆடி பூராவும் அவுக கூட இருந்த” என்றாள். குரலில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதை எனக்குத் தெரியாதா?

2.12.82

மதுரை கே.கே. நகர். வக்கீல் வீட்டு முன்னறை. மதினியும் நானும் மட்டும் வந்தோம்.

வக்கீல் இரண்டு முறை கேட்டார். “சாகுறதுக்காக அவரே தையலைப் பிரிச்சிருந்தா?” பிரித்தாலும் ஊசித்தடம் போகாது சார், புதுத்துணிக் கஞ்சியும் திரும்பி வராது என்றேன். என் குரலா அது? அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது பெரிய விசயம்மா. ஆனா ஒண்ணு கேப்பாங்க. அங்கேயே நின்னுருக்க. அப்பவே ஏன் சொல்லல?”

மதினி முந்திக்கொண்டாள். “சின்னப் புள்ள சார். பயந்துருச்சு.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். வக்கீலும் தலையாட்டி, பேனா மூடியைத் திறந்தார். பயம் என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் இந்த ஒன்று பொய்யானால், சிவப்பு நூலை யார் நம்புவார்கள்?

“பயம் இல்ல சார்” என்றேன். “மதினி மேல பொறாம. அதையும் எழுதிக்கிடுங்க.”