லிப்டுக்குப் போட்ட கையெழுத்து

அன்புள்ள உருண்டைக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நம் கட்டடத்து லிப்ட் மட்டும் நலமில்லை, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் போய் உட்கார்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அங்கே நீயும் உன் மாட்டு டாக்டரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். முப்பத்துநாலு வயதுக்காரனை உருண்டை என்று கூப்பிடலாமா என்று சண்டைக்கு வராதே, பிறக்கும்போது நாலே கால் கிலோ இருந்தது நீ, சுமந்தது நான். உன் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது நம் வீட்டு ஜன்னலில் இருக்கிற தூசியெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, வந்து உட்கார்ந்து எண்ணிச் சொல்கிறாள். வாரா வாரம் போனில் பேசுகிறவள் எதற்கு இப்போது கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் அப்பா, 'போன்ல அவன்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது' என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். போனில் என்றுதானே சொன்னார், தபாலில் கூடாது என்று சொல்லவில்லையே. முப்பது வருடம் ஆபீசில் டைப் அடித்தவளுக்கு எந்த வார்த்தை விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத் தெரியாதா என்ன.

உனக்கும் செய்தி வந்திருக்கும், உலக நாடுகள் எல்லாம் கூடிப் பேசுகிற சபையில் ஒரு பிரகடனம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆணை விரும்புகிற ஆணையும் பெண்ணை விரும்புகிற பெண்ணையும் அதற்காகச் சிறையில் போடாதே, அடிக்காதே, வேலையை விட்டுத் தூக்காதே, அவ்வளவுதான் விஷயம், மொத்தமே ஒன்றரைப் பக்கம். அதை நம் அரசாங்கம் ஆதரித்துக் கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று இரண்டு மாதமாக இங்கே ஊரே அடித்துக்கொள்கிறது. டிவியில் எட்டுப் பேரை எட்டுக் கட்டத்துக்குள் அடைத்து ஒரே சமயத்தில் கத்த விடுகிறார்கள், ஒன்பதாவது ஆள் நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து கத்துகிறார். கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒருவன் சொன்னால் 'இன்னைக்கு இது, நாளைக்கு என்னத்தைக் கேப்பானுங்களோ' என்பார். போடக்கூடாது என்று அடுத்தவன் ஆரம்பித்தால் 'இவனுக்கு என்ன தெரியும், இவன் என்ன பெத்து வளத்தானா' என்று அவன்மேலும் பாய்வார். தான் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது, விளம்பரம் வந்தால்தான் வீட்டில் கொஞ்சம் சத்தம் அடங்கும். நீ உன் விஷயத்தை எங்களிடம் சொன்ன நாளிலிருந்து பதினாலு மாதமாக அவர் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அது உனக்கும் வலிக்கிறது எனக்கும் வலிக்கிறது. ஆனால் நான் உன்னோடு போனில் பேசும்போது மட்டும் அவருக்கு அந்த அறையில் ஏதாவது தொலைந்துபோயிருக்கும், ஒருநாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அரசாங்கம் கையெழுத்துப் போடட்டும் போடாமல் போகட்டும், இந்த மனுஷன் உன்னோடு பேசவேண்டும், நான் கும்பிடாத சாமியில்லை, எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன், சிரிக்காமல் படி. நம் குடியிருப்போர் சங்கத்துக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும், கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு, தலைவரான பல் டாக்டர் பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடம் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். அதனால் வந்தவுடனேயே வீட்டுக்கு ஒன்றாக, சங்கத்து முத்திரை குத்திய வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுவோம், என்ன தீர்மானம் என்பதெல்லாம் அப்புறம். அதை நான் வீட்டுக்கு வந்து டைப் அடித்து, கையெழுத்துத் தாளைப் பின்னால் வைத்துக் குண்டூசி குத்தி அனுப்புவேன். ஒன்பது வருடம் ஒரு தப்பு வந்ததில்லை. லிப்ட் கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதுவது என்று முடிவாகி, நாற்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்தும் வந்தது, முதல் கையெழுத்து உன் அப்பாவுடையது. அன்றைக்கே எனக்கு டிவிச் சத்தம் பொறுக்கமாட்டாமல் போய், வெளியுறவு அமைச்சகத்துக்கு நானே ஒரு கடிதம் அடித்தேன். ஐயா, எங்களுக்கு ஒரே மகன், வெளிநாட்டில் ஒரு கால்நடை மருத்துவரோடு குடும்பம் நடத்துகிறான், இருவரும் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை, கூடாத இடத்தில் ஒருமுறை கார் நிறுத்தியதைத் தவிர. நாங்கள் வாரா வாரம் அவனோடு பேசுகிறோம். அவர்கள் இருவரும் இங்கே வரும்போது பயப்படாமல் வரவேண்டும், தயவுசெய்து அந்தப் பிரகடனத்தை ஆதரியுங்கள் என்று. கைப்பழக்கத்தில் என் கையெழுத்தையும் ஒரு தனித்தாளில் போட்டு வைத்திருந்தேன். குண்டூசி குத்தப்போகிற நேரம் பார்த்து உன் அப்பா ரிமோட்டைக் காணோம் என்று அலறினார், ஓடிப்போய் அவருக்கு அடியிலிருந்தே அதை எடுத்துக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து குத்தினேன் பார், அங்கேதான் மாறிப்போனது.

லிப்ட் கம்பெனிக்காரனுக்கு என் ஒரு கையெழுத்தோடு புகார் போயிருக்கிறது. தாங்கள் ஒருவர் மட்டுமே புகார் செய்திருப்பதால் மற்ற அனைவரும் எங்கள் சேவையில் திருப்தியாக இருப்பதாகக் கருதுகிறோம் என்று அவன் பதில் போட்டான். அமைச்சகத்துப் பதில் சங்கத்தின் பேருக்கு வந்ததால் பல் டாக்டர் பிரித்துப் படித்திருக்கிறார். தங்கள் மகனைக் குறித்துப் பெற்றோர் நாற்பத்திரண்டு பேரும் கூட்டாக எழுதிய கடிதம் கிடைத்தது, தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது, தங்கள் அனைவரின் மகனும் நலமுடன் இருக்க வாழ்த்துகிறோம் என்று போட்டு, என் கடிதத்தின் நகலையும் கூடவே வைத்திருந்தார்கள். அந்த நாற்பத்திரண்டில் நிஜமாகச் சுமந்து பெற்றவளின் கையெழுத்து மட்டும் இல்லை, அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவசரக் கூட்டம். பல் டாக்டர் கடிதத்தை உரக்கப் படிக்கப் படிக்க, இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் நான் காத்த விஷயம் நாற்காலி நாற்காலியாகப் போய்க்கொண்டிருந்தது. நாலாம் மாடி டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் எழுந்து, 'அக்கா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள வெளிநாட்ல பையன் எப்படி வந்தான், எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க' என்றார். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரம்மா, 'ரெண்டும் பொண்ணாப் போச்சேன்னு எங்க மாமியார் சாகிற வரைக்கும் புலம்பினாங்க, கவர்மெண்டே ஒரு பையனைக் குடுத்திடுச்சு, வேணாம்னா சொல்லுவேன்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்து, குண்டூசி மாறிப்போனது என் தப்புதான், ஆனால் கடிதத்தில் இருப்பது என் மகன்தான், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அப்புறம் பிடித்துக்கொண்டது பார் விவாதம், டிவி தோற்றது. பல் டாக்டர், 'மேடம், உங்க வீட்டு விஷயம் வேற, ஒரு நாடு உலகத்து முன்னால கையெழுத்துப் போடறது வேற, நம்ம சங்கம் ஏன் மூக்கை நுழைக்கணும்' என்றார். வாயைத் திறங்கள் என்று நீங்கள் தினம் ஐம்பது பேரிடம் சொல்கிறீர்கள், இன்றைக்கு ஒருநாள் நான் திறந்துவிட்டுப் போகிறேன் என்றேன். மாஸ்டருக்கு வேறு கவலை, அரசாங்கம் கையெழுத்துப் போட்டால் நாம் ஏதாவது செய்யவேண்டுமா, பாரம் கீரம் நிரப்பவேண்டுமா, வரிசையில் நிற்கவேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், யாரையும் அடிக்காமல் இருந்தால் போதும் என்றாள் மருந்துக்கடைக்காரம்மா. 'அப்ப போட்டுட்டுப் போகட்டுமே, இதுக்கா ரெண்டு மாசமா கத்துறாங்க' என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

பல் டாக்டர் விடவில்லை. ஒரு வாபஸ் கடிதம் தயாராகக் கொண்டுவந்திருந்தார், நாங்கள் விஷயம் தெரியாமல் கையெழுத்திட்டோம், மேற்படி மகன் எங்கள் மகன் அல்ல என்று. முதல் ஆளாக அவரே போட்டார், வரிசையாகப் பதினொரு பேர் போட்டார்கள். மருந்துக்கடைக்காரம்மா முறை வந்ததும், 'பல்லு முளைக்கிறப்ப இவன் அழுத அழுகைக்கு மருந்து குடுத்தவ நான், என் பையன் இல்லைன்னு எழுதிக் குடுக்கணுமா, போங்க டாக்டர்' என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளைப் பார்த்து மாஸ்டரும் மாட்டேன் என்றார், அவரைப் பார்த்து மற்றவர்களும் மழுப்பினார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் உன் அப்பாமேல் போனது. அவர் அதுவரை தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். 'சார், உங்க கையெழுத்துத்தான் முதல்ல இருக்கு, நீங்களும் தெரியாமத்தானே போட்டீங்க' என்று பல் டாக்டர் கேட்டார். ஆமாம், லிப்டுக்குத்தான் போட்டேன் என்று சொல்லி, அந்தக் கடிதத்தைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். எல்லார் முன்னாலும் நீ என் மகன் இல்லை என்று அவர் எழுதிக்கொடுத்துவிட்டால் அப்புறம் நான் அந்த வீட்டுக்குள் எப்படிப் போவேன், உன்னிடம் என்னவென்று சொல்வேன்.

உன் அப்பா என்ன உத்தியோகம் பார்த்தார், எடை அளவு இன்ஸ்பெக்டர், கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்திய மனுஷன், ஐந்து கிராம் குறைந்தால் ஐந்து மணி நேரம் சண்டை போடுவார். அவர் கேட்டது வாபஸ் கடிதத்தை இல்லை, என் கடிதத்தின் நகலை, அதையும் அப்படித்தான் படித்தார், ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இரண்டு தடவை. படித்துவிட்டு, 'இதுல ஒரு பொய் இருக்கு' என்றார். பல் டாக்டர் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. 'நாங்க வாரா வாரம் பேசுறோம்னு போட்டிருக்கா. இவதான் பேசுறா. நான் அவன்கிட்ட பேசிப் பதினாலு மாசமாச்சு. பொய்யான காகிதத்துல என் கையெழுத்து நிக்கக்கூடாது' என்றார். அப்படியானால் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பல் டாக்டர் பேனாவை மூடியைத் திறந்தே நீட்டினார். உன் அப்பா பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு அவர் சட்டைப்பையிலேயே குத்திவிட்டு, 'மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்த ஒண்ணைச் சரி பண்ணிட்டு வரேன்' என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். முட்டி வலியோடு ஐந்து மாடி, லிப்டும் கிடையாது, மாடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னாலேயே வந்த என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினார். நான் வழியெல்லாம் அழுதுகொண்டே ஏறினேன், சந்தோஷத்தில்தான்.

அதனால் இதை நன்றாகப் படித்துக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமை தெரியாத நம்பரிலிருந்து உனக்கு ஏழு தடவை போன் வந்திருக்கும், நீ எடுக்கவில்லை. அது ஏமாற்றுக்காரனும் இல்லை, பொருள் விற்கிறவனும் இல்லை, உன் அப்பா. போன வருடம் நம்பர் மாற்றினார், உனக்குச் சொல்லவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று உனக்குப் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்தான், என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். என் போனைக் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார், அவர் நம்பரிலிருந்து அவரே பேசினால்தான் கணக்காம். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இங்கே காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவாராம், முடிவில் ஏழு ஏழு என்று வருகிற நம்பர். பேசவேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார், துணி துவைக்கும்போது சட்டைப்பையில் பார்த்தேன். ஒன்று லிப்ட், இரண்டு அங்கே குளிர் எப்படி, மூன்றாவது டாக்டர் சௌக்கியமா என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தது. முதல் பத்து நிமிடம் லிப்டைப் பற்றியேதான் பேசுவார், பொறுத்துக்கொள், ஆமாம் போடு. பல் டாக்டரைக் கோபித்துக்கொள்ளாதே, நேற்று மாடியேறி வந்து, பையன் எப்போது வருகிறான், கடைவாய்ப் பல் ஒன்று பார்க்கவேண்டியிருந்ததே என்று கேட்டுவிட்டுப் போனார். அரசாங்கம் இன்னும் பரிசீலித்துக்கொண்டே இருக்கிறது, நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இருவரும் லீவு கேட்டு வையுங்கள். பூனை முடி ஒத்துக்கொள்ளாதவர் எப்படி மாட்டு டாக்டர் ஆனார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, அவரை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும், இது என் ஆசீர்வாதம், இதற்கு எந்த நாட்டுக் கையெழுத்தும் வேண்டாம்.

போன் வந்தால் நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. அழாதே, நீ அழுதால் அவர் பயந்து வைத்துவிடுவார். யார் பேசுவது என்றும் கேட்டுவிடாதே, அவருக்கு என்ன சொல்வதென்று தெரியாது. எடுத்தவுடன் அப்பா என்று கூப்பிட்டுவிடு.

உன் அம்மா