சிக்னல் போகாத ஊர்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் குரங்கு வந்து, ஆபீஸ் ஜன்னலில் காயப்போட்டிருந்த என் குடையைத் தூக்கிக்கொண்டு போனது. இன்றைக்கு நடந்ததில் அதுதான் நல்ல விஷயம்.

கெட்டது வீடியோ மீட்டிங்கில் வந்தது. பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மிஷினுக்கு சாப்ட்வேர் எழுதுவது எங்கள் கம்பெனி. பதினான்கு வருடமாக சி பிளஸ் பிளஸ் மொழியில், பல லட்சம் வரிகள். அதில் முக்கால்வாசியை எழுதிய ஆத்மாக்கள் வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதியை எழுதிய நான், ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு பேக்கரி மாடியில் ஏழு பேர் கொண்ட ஆபீசுக்குத் தலைமை தாங்கிக் குரங்கு விரட்டுகிறேன். மிஷின் அவ்வப்போது நடு ரோட்டில் அப்படியே உறைந்துபோகிறது என்று பஸ் முதலாளிகள் சத்தம் போடுகிறார்களாம். அதனால் எல்லாவற்றையும் ரஸ்ட் என்ற புது மொழியில் மாற்றி எழுத வேண்டுமாம். சென்னையில் இருக்கும் எங்கள் முதலாளி தங்கராஜ் சொல்லிவிட்டார்.

“ஜூன்ல சேலம் டவுன் பஸ் அத்தனையிலயும் புதுசு ஓடோணும் பெபி. ஓடலைன்னா மலை ஆபீசை மூடிட்டு எல்லாரையும் சென்னைக்குக் கூப்பிட்டுக்குவேன்.”

என் வீட்டுக்காரர் ஜாபெஸ் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். காபிச் செடியைப் பெயர்த்து அண்ணா நகரில் நட முடியாது. ஆக, ஒன்று நான் வேலையை விட வேண்டும், அல்லது புருஷனை விட வேண்டும். சாப்பிடும்போது அவரிடமே சொன்னேன்.

“ரெண்டாவதப் பத்தி நொம்ப யோசிக்காத” என்றார்.

பிப்ரவரி 4

மொழியை மாற்றினால் மிஷின் திருந்திவிடுமா? அப்படியானால் முதலில் தங்கராஜை மாற்றி எழுதலாமே.

பிப்ரவரி 12, புதன்

டோமினிக் பெங்களூரில் ரஸ்ட்டில் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் எங்களிடம் சேர்ந்தவர். மனைவி இங்கே நர்ஸ், அதனால் மலை ஏறி வந்தார். அந்த மொழியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், சர்ச் கன்வென்ஷன் கூட்டத்தில் சாட்சி சொல்கிறவர் மாதிரி ஆகிவிடுகிறார். முன்பு இருளில் கிடந்தாராம். தூக்கமே இல்லையாம். ரஸ்ட் வந்ததாம், தூக்கம் வந்ததாம்.

எனக்கு இருந்த தூக்கமும் போய்விட்டது. நாம் எழுதுவதை மிஷினுக்குப் புரிகிறபடி மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை. பழைய கம்பைலர் நல்ல மனுஷன். என்ன எழுதினாலும் சரி சரி என்று வாங்கிக்கொள்வார். பிற்பாடு மிஷின் செத்தால் அது உன் பாடு. இந்த ரஸ்ட் கம்பைலரோ எங்கள் மிஷன் ஸ்கூல் ஹாஸ்டல் வார்டன் சிஸ்டர். ஒரு பொருள் ஒருத்தி கையில் இருக்கும்போது இன்னொருத்தி அதை மாற்றக் கூடாது. யாரிடம் வாங்கினாய்? எப்போது திருப்பித் தருவாய்? அவள் ஊருக்குப் போன பிறகும் உன் கையில் ஏன் இருக்கிறது? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால்தான் கேட் திறக்கும்.

இன்று முழுக்க ஒரே வேலை — டிக்கெட் நம்பரோடு ஒன்றைக் கூட்டுவது. முடியவில்லை. பதினான்கு வருட அனுபவம், ஒன்றைக் கூட்ட முடியவில்லை.

“அது சொல்றத நிதானமா படிங்கக்கா, அதுவே வழியும் சொல்லும்” என்றார் டோமினிக்.

படித்தேன். வழியும் சொல்கிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். டோமினிக் நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ் வந்தார். ஈஸ்டருக்கு முந்தைய இந்த நோன்பைக் கத்தோலிக்கர்களான அவர்கள் தவக்காலம் என்பார்கள், சி.எஸ்.ஐ.காரர்களான நாங்கள் லெந்து என்போம், எதையாவது விட வேண்டும் என்பது மட்டும் பொது. “இந்த வருசம் எத விடறீங்கக்கா?” என்றார். கறியை விட்டால் ஜாபெஸ் கஷ்டப்படுவார். காபியை விட்டால் ஆபீசே கஷ்டப்படும். வாய் சும்மா இருக்காமல், ஈஸ்டர் வரைக்கும் சி பிளஸ் பிளஸ்ஸைத் தொட மாட்டேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆண்டவரே, அது சும்மா பேச்சுக்குச் சொன்னது.

மார்ச் 19, புதன்

இன்று ஜெயித்தேன். அடிக்கடி நடக்காத காரியம், எழுதி வைக்கிறேன்.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்ததும் அந்தக் கணக்கு கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். ஆனால் மலையில் வளைவுக்கு வளைவு சிக்னல் போகும், வரும். அதனால் மிஷின் டிக்கெட்டுகளைத் தனக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கும். பழைய சாப்ட்வேர், சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அனுப்பிப் பார்க்கும், தோற்கும், மறுபடி படுக்கும். பேட்டரிதான் காலி. நான் கேட்டேன் — போன சிக்னல் திரும்பி வருகிற நொடியில் மட்டும் அனுப்பினால் போதாதா? அனுப்பியதும் அழித்துவிட்டால் இடமும் மிச்சம்.

டோமினிக் எழுந்து நின்று கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மாடியில் யாருக்குப் பிறந்தநாள், கேக் வேண்டுமா என்று பேக்கரிக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார்.

நானே ரஸ்ட்டில் எழுதினேன். வார்டன் திருப்பி அனுப்பினாள், திருப்பி அனுப்பினாள், கடைசியில் கேட்டைத் திறந்தாள். வாய்விட்டு “தேங்க்ஸ் சிஸ்டர்” என்றேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இங்கே மலைக்குள்ளேயே ஓடும் மஞ்சக்குட்டை மினி பஸ்ஸில் சோதனை. கண்டக்டர் தமிழ்செல்வனின் ஒரு தோளில் பழைய மிஷின், இன்னொரு தோளில் புதியது. கூட டோமினிக் போனார். நான் ஏறவில்லை. வளைவு என்று எழுதினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் நான் எந்த மலைப் பஸ்ஸிலும் உட்கார முடியும்.

பஸ் திரும்பி வந்ததும் தமிழ்செல்வன் குறைபட்டுக்கொண்டார். “ஏனுங்க மேடம், புதுசு நிக்கவே மாட்டேங்குதுங்க. பழசு நின்னுச்சுன்னா அந்தச் சாக்குல நானும் ஒரு டீ குடிப்பனுங்க. இப்ப அதுக்கும் வழியில்லீங்க.”

இதைவிட நல்ல சர்ட்டிபிகேட் யார் தருவார்கள்?

“கீழ சேலத்துலயும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துரலாமாக்கா?” என்று டோமினிக் கேட்டார். ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த வெயிலில் கீழேயா? ஏப்ரலில் சேலத்தில் கல்யாணம் என்றால் சொந்த அக்கா மகளுக்கே மொய்யைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் ஜாதி நாங்கள். மலையில் ஓடுகிற மிஷின் கீழே ஓடாதா என்ன, அங்கேதான் சிக்னல் கொட்டிக் கிடக்கிறதே என்று நான் சொன்னேன். டோமினிக்கும் உடனே சமாதானம் ஆகிவிட்டார். அவருக்கும் வேர்க்கும் அல்லவா?

ஏப்ரல் 21, திங்கள்

லெந்து முடிந்தது. ஆசை ஆசையாகப் பழைய சி பிளஸ் பிளஸ் பைலைத் திறந்தேன். வேண்டுமென்றே ஒரு தப்பான வரி எழுதிப் பார்த்தேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு திட்டு? ஒரு முறைப்பு? கிடையாது.

பயமாக இருந்தது. மூடிவிட்டேன். டோமினிக்கிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

மே 18, ஞாயிறு

சேர்வராயன் கோயில் திருவிழா. ஸ்பெஷல் பஸ்ஸில் கூரை வரைக்கும் ஜனம், தமிழ்செல்வன் புதிய மிஷினை மட்டும் வைத்துக்கொண்டு சமாளித்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. தங்கராஜ் கட்டைவிரல் படம் அனுப்பினார். அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் கட்டைவிரல்.

ஜூன் 2, திங்கள்

சேலம் டவுன் பஸ் எல்லாவற்றிலும் இன்று புதியது ஏறியது. மதியம் வரை ஒரு புகார் கிடையாது. ஏரிக்கரையில் எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

அதே நாள், பஜ்ஜி செரிக்கும் முன்

நின்னு போச்சு. எல்லாமே. ஒண்ணு விடாம.

திரையில் ‘இடம் இல்லை’ என்று ஒரே வரி. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதேதான். டிக்கெட் கொடுக்க முடியாமல் கண்டக்டர்கள் திண்டாடுகிறார்கள். ஒரு பஸ்ஸில் கைகலப்பாகி, அதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். டோமினிக் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “கம்பைலர் ஒத்துக்கிச்சேக்கா, கம்பைலர் ஒத்துக்கிச்சே” — வேறு பேச்சே இல்லை.

அதே சாப்ட்வேர் இங்கே மினி பஸ்ஸில் ஜம்மென்று ஓடுகிறது. ஏன்? கீழ மட்டும் என்ன கேடு?

ஜூன் 3, செவ்வாய்

பழைய சாப்ட்வேரை மறுபடி ஏற்றி பஸ்களை ஓட்டுகிறார்கள். தங்கராஜ் என்னைத் தனியாக போனில் கூப்பிட்டார். கத்தவில்லை. கண்ணு என்றார்.

“இங்க பாரு கண்ணு, தப்பு உம்மேல இல்ல. அந்தப் புது மொழி சரியில்ல. அப்படின்னு ஒரு பக்கம் எழுதி அனுப்பு. டோமினிக்க அனுப்பிச்சுரலாம், பழசுக்கே போயிரலாம். பழசு தெரிஞ்சவ நீ ஒருத்திதான, நீ மலையிலயே இருந்துக்க.”

பிப்ரவரியில் நான் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் கேட்டது இதைத்தான். வார்த்தை மாறாமல் தட்டில் வைத்து நீட்டுகிறார். நான் என்னடாவென்றால் அவகாசம் கேட்டிருக்கிறேன். எதுக்குடி அவகாசம்? எழுதிக் குடுத்துட்டுப் போய்ப் படுக்க வேண்டியதுதான?

ஜூன் 4, புதன்

கீழே போனேன். எந்த வளைவில் வாந்தி எடுத்தேன் என்று எழுத மாட்டேன்.

கையில் ஒரு புதிய மிஷின். பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜங்ஷன் வரை, அங்கிருந்து திரும்ப, மறுபடியும். வெயிலில் சீட்டே சுட்டது. நானே டிக்கெட் போட்டுப் போட்டு, சிக்னல் போய் வந்தால் என்ன செய்கிறது பார்ப்போம் என்று காத்திருந்தேன். கடைவீதியில் சிக்னல் இருந்தது. பாலத்துக்கு அடியில் இருந்தது. சந்துக்குள் இருந்தது. போய்த்தொலையேன் என்று திட்டினேன். போகவே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. போகாத சிக்னல் எப்படித் திரும்பி வரும்? திரும்பி வந்தால்தானே அனுப்பு என்று எழுதியிருக்கிறேன்? காலையிலிருந்து கொடுத்த டிக்கெட் ஒன்றுகூட வெளியே போகாமல், மிஷினின் வயிறு நிறைந்து அடைத்துவிட்டது. மலையில் வளைவுக்கு வளைவு தானாகக் காலியாகிக்கொண்டே இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. சிக்னல் போகாத ஊர் என்று ஒன்று இருக்கும் என்பது ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வார்டன் அத்தனை கேள்வி கேட்டாள், சேலம் போயிருக்கிறாயா என்று மட்டும் கேட்கவில்லை.

பஸ்ஸிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்து முடிக்கும் முன் அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட் அம்மா, “ஏங்கண்ணு, ஒடம்புக்கு முடியலையா?” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஜூன் 5, வியாழன்

உண்மையைச் சொன்னால் ஆபீஸ் போகும். மலை மேல் உட்கார்ந்து எழுதியதால் வந்த தப்பு, எப்படிச் சுற்றி எழுதினாலும் அதுதான். சொல்லாவிட்டால் டோமினிக் போவார், ரஸ்ட் போகும், எதைச் செய்தாலும் வாயே திறக்காத அந்தப் பழைய கம்பைலரோடு நான் காலம் தள்ள வேண்டும். எது பெரிய தண்டனை?

ஜாபெஸிடம் கேட்டேன். “நீ சென்னைக்குப் போனா நான் லீவு போட்டு லீவு போட்டு வந்து பாத்துக்கறேன். பொய்ய எழுதிக் குடுத்துட்டு ஊட்ல மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு ஒக்காந்திருப்ப பாரு, அதத்தான் என்னால பாக்க முடியாது” என்றார். பாசமா, பயமா? இரண்டும்தான்.

எழுதி அனுப்பிவிட்டேன். தப்பு மொழியில் இல்லை, யோசனை என்னுடையது, கீழே போய்ப் பார்க்காதது எல்லோருடையது. திருத்தத்தையும் கூடவே அனுப்பினேன். சிக்னல் இருந்தால் உடனே அனுப்பு, இல்லாவிட்டால் சேர்த்து வை, வந்ததும் அனுப்பு. எல்கேஜி குழந்தைக்குத் தோன்றும்.

ஜூன் 6, வெள்ளி

தங்கராஜ் கத்தினார். அப்பாடா என்றிருந்தது.

“ஏழு பேரு இருக்கறீங்க, ஒருத்தராச்சும் எறங்கி வந்து டவுன் பஸ்ல ஏறுனீங்களா? வெயில் பட்டா கரைஞ்சா போயிருவீங்க?”

திருத்தியதை நாளையே ஏற்றுகிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் ஒரு மிஷின் நின்றாலும் ஆபீசுக்குப் பூட்டு. நிற்காவிட்டாலும் நான் தலைவி கிடையாது, இனி டோமினிக்தான். அவரிடம் நானே போய்ச் சொன்னேன். “வேண்டாங்கக்கா, வேண்டாங்கக்கா” என்றார். எனக்கு வலித்தது, அதை மறைக்கவில்லை. பிறகு அவர் வேண்டாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஜூன் 30, திங்கள்

நிற்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வாரம் ஒருவர் கீழே போய் டவுன் பஸ்ஸில் சுற்ற வேண்டும் என்பது புதுத் தலைவர் போட்ட முதல் சட்டம். இன்று என் முறை. அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே மனுஷன் நன்றாக வேலை வாங்குகிறார்.

சேலம் வெந்தது. மிஷின் ஓடியது. “பழசுக்கு இது தேவலாமுங்க” என்று கண்டக்டர் என்னிடமே சொன்னார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. நான் பக்கத்து சீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிக்கொண்டேன், அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

குப்பனூர் வழியாக மலை ஏறும் பஸ்ஸில் திரும்பினேன். சாப்ட்வேரில் பஸ் பாஸ் பகுதி இன்னும் பழைய மொழியிலேயே கிடக்கிறது. மடியில் லேப்டாப்பை வைத்து அதை மாற்ற ஆரம்பித்தேன். வார்டன் திருப்பி அனுப்பினாள், திருத்தினேன், உள்ளே விட்டாள். பிறகு சோதனைகள். அவற்றுக்கு இப்போது ஊர்ப்பெயர் வைத்திருக்கிறோம். மஞ்சக்குட்டை என்றால் சிக்னல் போய்ப் போய் வரும். சேலம் என்றால் போகவே போகாது. இரண்டிலும் பாஸ். அடுத்ததை எடுத்தேன்.

“எறங்கலீங்களா மேடம்? ஒண்டிக்கடை வந்து நொம்ப நேரமாச்சுங்க” என்றார் கண்டக்டர்.

வீட்டில் பையைக் கவிழ்த்தபோது எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. போகும்போதும் வரும்போதும் அதைத் தொடவே இல்லை. ஜாபெஸ் எடுத்துப் பிழிந்து ஜூஸ் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை தூக்கல்.