ஈரத்தில் பார்க்க வேண்டிய கோடு

நவம்பர் 10, திங்கள்

விடியும் முன்பே மழை. கவரைப்பேட்டை ரயில் கேட் பக்கம் முழங்கால் தண்ணீர்.

இன்றைய வேலை:
குடோன் தகரத்தில் ஓட்டை. தார்ப்பாய் போட ஆள்.
போல்ட் கம்பெனிக்குக் கையுறை.
காக்களூர் கம்பெனிக்கு மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட். ஈரம் பட்டால் ஸ்டோர்ஸ்காரர் கேட்டிலேயே திருப்பிவிடுவார்.
அந்த இன்னொன்று.

இன்னொன்றை எழுதக் கூச்சம். எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள். தீட்டு வரவில்லை. ஒரு வருஷமாகவே ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. வயசு நாற்பத்தொன்று. நிற்கிற காலம் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். துக்கமெல்லாம் இல்லை, மாதாமாதம் ஒரு செலவு குறையும்.

ஆனால் இன்று குடோனில் டீயைக் கையில் வாங்கியதும் குமட்டல். ஓடிப்போய் மழையில் நின்று ஓங்கரித்தேன். என்னிடம் துணி பிரிக்கிறவர்கள் இரண்டு பேர், கஸ்தூரியும் மேரியக்காவும். கஸ்தூரி சின்னப் பெண், வாய் நிற்காது.

"யக்கா, மூஞ்சியே ஒரு மாதிரி கீது. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாயேன்."

"கேஸுடி. நேத்து பூரி துன்னேன்."

மேரியக்கா துணி பிரிப்பதை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள்.

கவரைப்பேட்டை மெடிக்கலில் அதை வாங்க முடியாது. நான் வீடு போவதற்குள் செய்தி போய்விடும். காக்களூரில் சரக்கு இறக்கிவிட்டுத் தெரியாத ஒரு மருந்துக்கடை, கவுன்டரில் ஒரு பெண். மூன்று கிட் கேட்டேன். ஒரு மூட்டையில் ஒரு பிடி உருவிப் பார்த்துச் சரக்கெடுத்து ஏமாந்த காலமெல்லாம் எனக்குப் போயிற்று.

"யாருக்குக்கா?"

"என் நாத்தனாருக்கு."

"சி-ன்னு போட்ட எடத்துல கோடு எல்லாருக்கும் வரும்க்கா. டி-ல வந்தாதான் கொழந்தை. காலைல எழுந்ததும் மொத யூரின்ல பாக்கச் சொல்லுங்க."

நாத்தனாருக்குப் பதிலாகத் தலையாட்டினேன். மூன்று எடுக்கிறேன், கொஞ்சம் குறைம்மா என்றேன். "இதுக்குமாக்கா பேரம் பேசுவாங்க?" என்று சிரித்தாள். ஏன் பேசக் கூடாது?

நவம்பர் 11, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. வண்டியைத் துடைக்க என் வீட்டுக்காரர் சேகர் வாசலுக்குப் போனதும் பாத்ரூமில் நான். போன் டார்ச் வெளிச்சம். சொட்டு விட்டேன். சி-யில் கோடு வந்தது. டி-யில் ஒன்றுமில்லை.

இதைத்தானே எதிர்பார்த்தேன். பிறகு ஏன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை?

குப்பையில் போட்டால் அவர் கண்ணில் படும். கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். குடோன். திருப்பூர் மூட்டை பிரிப்பு. வெள்ளை, ஆஃப் ஒயிட், கலர்.

மத்தியானம் மழை விட்டது, நல்ல வெயில். எனக்கு ஒரு புத்தி வந்தது. எங்கள் தொழிலில் ஈரத்துணியை யாரும் ரகம் பிரிக்க மாட்டோம். ஈரத்தில் எல்லா நிறமும் பொய் சொல்லும். காய்ந்த பிறகு, வாசல் வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்ப்போம். டியூப்லைட்டில் பார்த்து மூட்டை கட்டினால் மறுநாள் சரக்கு திரும்பி வரும். இந்தக் கிட்டை மட்டும் ஏன் டார்ச்சில் பார்த்துவிட்டு மூடினேன்?

வாசலுக்கு எடுத்துப் போனேன். டி-க்கு நேராக ஒரு கோடு. மயிரிழை. இருக்கிறதா, நான் வரவைக்கிறேனா?

கட்டைவிரலால் எழுத்தை மறைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"கஸ்தூரி, இங்க வா. இதுல எத்தினி கோடு?"

அவள் கோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "யக்கா... இது அதுதான?"

"இன்னா அது? கோட்ட எண்ணுடின்னா."

"ரெண்டு! மேரியக்கா, ஓடியா, ஓடியா!"

மேரியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஒண்ணு."

"உனுக்குக் கண்ணு அவிஞ்சி பூட்ச்சா? நல்லா பாரு."

"ஆஃப் ஒயிட்ட ஒயிட்டுல போட்டு ஏச்சு வாங்கினவ நீ, நான் இல்ல. ஒண்ணுதான். பக்கத்துல சாம்பலா ஒரு தடம் கீது, அவ்ளோதான்."

"தடம்னா இன்னா? கோடுதான!"

என்னமோ சரக்கு தகராறு போல இரண்டு பேரும் கத்துகிறார்கள். நடுவில் நான், கையில் என் மூத்திரம். சிரிப்பு வந்தது. கடைசியில் மேரியக்கா என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள்.

"ஒண்ணோ ரெண்டோ, ஆண்டவருக்குத் தெரியும். நீ மூட்டையத் தொடாத பாப்பா."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். கஸ்தூரியின் சத்தியம் எத்தனை நாள் தாங்குமோ.

மத்தியானத்துக்கு மேல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். எப்போதும் இருக்கிற வயிறுதான். மத்தியானச் சாப்பாடு. வேறென்ன தெரியும்? ஆனாலும் கையை எடுக்கவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து போனில் விலை கேட்டவருக்குப் பழைய விலையைச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

மூட்டம். மழை இல்லை.

கிட்டோடு வந்த காகிதத்தை இன்றுதான் பிரித்தேன். பின்பக்கம் தமிழ், எறும்பு சைஸ். சொட்டு விட்டுச் சில நிமிஷத்துக்குள் பார்த்துவிட வேண்டுமாம். நேரம் கழித்து, காய்ந்த பிறகு தெரிகிற கோடு செல்லாதாம்.

செல்லாது. இருபது வருஷமாக ஈரத்தை நம்பாதே, ஈரத்தை நம்பாதே என்று தொழில் செய்தவள். இதை ஈரத்தில்தான் பார்க்க வேண்டும். காய்ந்தால் பொய். என் புத்தியே என்னைக் கவிழ்த்தது.

குடோனில் சொன்னேன். கஸ்தூரிக்கு ரோஷம். "காயிதத்துல அப்பிடித்தான் போடுவானுங்க. துணி வாங்கினா சாயம் போவாதுன்னு போட்றது இல்ல?" மேரியக்கா துணியைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். குழந்தைக்காகச் சென்னையில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். ஊசி, மாத்திரை, காத்திருக்கிற நாற்காலி. போதும் என்று நிறுத்தியவள் நான்தான், அவர் இல்லை. அந்தக் கதவைச் சாத்திவிட்டுத் தொழிலைப் பார்த்தேன். தொழில் வளர்ந்தது. நேற்று ஒரு சாம்பல் தடம், அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டது. இன்று மறுபடியும் சாத்த வேண்டும். முன்பு இவ்வளவு கனமாக இல்லை.

சாயங்காலம் சேகர் ரசம் வைத்தார். தாளிக்கும்போதே எனக்கு ஓங்கரிப்பு. வந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமே, ஒடம்புக்கு? மூஞ்சத் தூக்கி வச்சிக்கினே கீற ரெண்டு நாளா."

"ஒண்ணுமில்ல."

ரசத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் வைத்துவிட்டு, தான் மட்டும் அங்கேயே நின்று சாப்பிட்டார்.

நவம்பர் 13, வியாழன்

எழுந்ததும் தூறல். கிட் இரண்டு மிச்சம். மழைக் காலம், கடையில் ஈரத்தில் கிடந்து கெட்ட சரக்காக இருந்தால்? ஒரே ஒரு வழிதான்.

"யோவ், இதுல கொஞ்சம் ஒண்ணுக்கு புடிச்சாந்து குடு."

டம்ளரை வாங்கிப் பார்த்தார். "எதுக்கு? எனக்கு சுகரா?"

"சுகரு இல்ல. புள்ள."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் நிறுத்திவிட்டார்.

"இன்னாமே சொல்ற?"

"ஒனக்கும் ரெண்டு கோடு வந்துச்சின்னா கிட்டு டுபாக்கூரு. ஒனக்கு ஒண்ணு வந்து எனக்கு ரெண்டு வந்துச்சின்னா..."

அவர் டம்ளரோடு போனார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் இவ்வளவு மரியாதையாக பாத்ரூம் போய் நான் பார்த்ததில்லை.

துவைக்கிற கல்லின் மேல் இரண்டையும் வைத்தேன். இடது அவருடையது, வலது என்னுடையது. சொட்டு விட்டேன். எதிரெதிரே குந்திக்கொண்டோம். மழை படாமல் குனிந்து முதுகைக் கொடுத்தார்.

அவருடையதில் ஒரே கோடு. சுத்தம். சரக்கு நல்ல சரக்கு.

என்னுடையதில் ஒன்று. பிறகு, ஈரம் இருக்கும்போதே, இன்னொன்று. சாம்பல் இல்லை. பல தடவை துவைத்த ரோஸ் பனியனுக்கு ஒரு நிறம் மிச்சம் இருக்குமே, அது. மெலிசு. ஆனால் நிறம். வெளியிலிருந்து யாரும் பூசவில்லை, உள்ளேயிருந்து ஊறி வந்தது.

"இதுல எது என்துது?"

"ஒத்தக் கோடு ஒன்துது."

"அப்ப இது?"

விரல் நுனியால் அதைத் தொட்டார், சுட்டது போல இழுத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"இத்தினி வருசமா எங்க இருந்துச்சாம்?"

தெரியாது. எனக்கு எதற்கும் விலை தெரியும், வரத்து தெரியும், எங்கே கிடைக்கும் எப்போது கிடைக்காது என்று தெரியும். இது எந்த வழியாக வந்தது? கூப்பிட்டபோதெல்லாம் வராமல், நான் கடையை மூடிவிட்டுப் போன பிறகு, கதவைத் தட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் லோடு ஏற்றும்போது, ஸ்டோர்ஸ்காரரோடு சண்டை போடும்போது, சும்மா தூங்கும்போது. உடம்பு என்னைக் கேட்கவே இல்லை.

இரண்டு பேரும் நனைந்துவிட்டோம். நாஷ்டா செய்யவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பொன்னேரி. லேடி டாக்டர், வேகமாகப் பேசுகிறார். பாசிட்டிவ்தான் என்றார். ஆனால் ரொம்ப ஆரம்பம், வயசும் அதிகம், நிலைக்கிறதா பார்க்க வேண்டும். அடுத்த வெள்ளி ஸ்கேன். அதுவரைக்கும்: மாத்திரை. கனம் தூக்கக் கூடாது. பைக்கில் போகக் கூடாது.

சேகர் கேட்டார், "குட்டியானை வண்டில போலாமா டாக்டர்?" டாக்டருக்குப் புரியவில்லை. லோடு வண்டி என்று நான் சொன்னேன். சிரித்துவிட்டு, மெதுவாக ஓட்டுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது ஹைவேயில் எல்லா லாரியும் எங்களைத் தாண்டிப் போனது. ஒருத்தன் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா தலைவரே, ஊர்வலமா?" என்றான். இவர் கோபப்படவில்லை. கையைக் காட்டி, போ போ என்றார்.

நவம்பர் 17, திங்கள்

வெயில். ஈர மூட்டை எல்லாம் வெளியே.

போல்ட் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி: "இன்னாம்மா, எப்பவும் நீங்கதான் மொத மூட்டைய எறக்குவீங்க. இன்னிக்கு நின்னுக்கினே கீறீங்க?" முதுகுவலி என்றேன். பொய் சொல்வது எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சாயங்காலம் அந்தச் சந்தோஷம் போயிற்று. உள்ளாடையில் கறை. காப்பி நிறம், விரல் நகத்தளவு. டாக்டருக்குப் போன். சில பேருக்குக் கொஞ்சம் பட்டுவிட்டு நிற்கும், ரத்தம் அதிகமானாலோ வலித்தாலோ உடனே வாருங்கள், இல்லையென்றால் படுத்திருங்கள் என்றார்.

படுத்திருக்கிறேன். கை வேலை இல்லாமல் நான் படுத்ததே கிடையாது. கூரையில் பல்லி. வேண்டுதல் தெரியாது எனக்கு, பேரம்தான் தெரியும். பேரம் பேசலாம் என்று பார்த்தால் எதிரே ஆளில்லை. என்ன கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும்?

இரு. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. இரு.

நவம்பர் 18, செவ்வாய்

கறை இல்லை. மேரியக்கா கஞ்சி கொண்டுவந்தாள். கஸ்தூரி வாசலிலேயே நின்று, "யக்கா, நான் யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மா கிட்ட மட்டும்தான்" என்றாள். திட்டத் தெம்பில்லை. கஞ்சி வயிற்றில் நின்றது.

நவம்பர் 20, வியாழன்

நாளை ஸ்கேன். சேகருக்கு அதுவரை பொறுக்கவில்லை. நேற்று லோடு போன வழியில் எங்கேயோ இறங்கி, தானே மெடிக்கலுக்குப் போய்க் கேட்டு ஒரு கிட் வாங்கி வந்திருக்கிறார். சோப்பு வாங்கக்கூட என்னைக் கேட்டுவிட்டுப் போகிற மனுஷன். என்ன விலை என்றேன். "கேக்கலமே, குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

காலை. மழை இல்லை, காற்று மட்டும். பாத்ரூமில் நான். கதவுக்கு வெளியே அவர் மூச்சு விடுவது கேட்கிறது. பயம். போன தடவை இருந்த அந்த மெலிசுக் கோடும் இல்லையென்றால்?

சொட்டு விட்டேன். ஈரம் ஊர்ந்து வந்தது. நான் சி-யைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முதலில் அதுதானே வரும். வரவில்லை. அதற்கு முன்னால் டி. காத்திருக்கவே விடாமல், ஈரம் தாண்டிப் போகும்போதே, பட்டென்று. மெலிசு இல்லை. சிவப்பு. கடையில் மடிப்புக் கலையாத புதுத்துணியின் சிவப்பு. எல்லாருக்கும் வருகிற கோடு, அவருக்குக்கூட வந்த கோடு, அது பின்னால் மெதுவாக.

"சுமதி? இன்னா ஆச்சு? பேசுமே."

நான் மார்க்கெட்டில் நின்று கத்தி வளர்ந்தவள். கதவை மட்டும் திறந்தேன்.