பேர் சொல்லி அரிசி இடுவது நின்றுபோனது பற்றித் துறைமங்கலத்திலிருந்து போன ஓலை

திரு வளர்க. வெண்கழி நாட்டின் ஏழு துறைகளிலும் நீர் நிறைக. கடல் தொடும் மட்டும் ஆணை செல்லும் கோமான் இளஞ்சேந்தனார் திருமுன் நின்று நாட்டுக் காரியம் நடத்தும் தலைமை அமைச்சர், பொழிலூர் ஆதன் எழினியார் காண, துறைமங்கலக் கோட்டைத் தலைவன் வேட்டன் கொற்றன் வணங்கி விடுக்கும் ஓலை. உமது மனை நலம் பெறுக. உமது ஊரில் மழை பிழையாதிருக்க. இதை முழுவதும் படிக்கும் பொறுமையும் உமக்கு வாய்க்க.

எழுத்து எனக்கு அரைகுறை என்பது நீர் அறிந்ததே. நாற்பது வயதுக்கு மேல் பாசறை மணலில் விரலால் கீறிக் கற்றது. எழுத்தனிடம் சொன்னால் என் சொல்லுக்குப் பட்டுடுத்தி அனுப்பிவிடுவான், அவனை நம்புவதில்லை. ஆகவே நானே கீறுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

இந்தக் காலத்து மனிதரை என்னவென்று எழுதுவது? ஆற்றுத் திருநாள் பிறந்தால் வாசலுக்கு நாற்பது விளக்கு, மாட்டுக்குக் கூடச் சலங்கை, மாப்பிள்ளைக்கு விரல் விரலாய் மோதிரம். கையேந்தி ஒருவன் வந்து நின்றால் மட்டும் அந்த வீட்டில் ஆளே குடியில்லாதது போல ஒரு அமைதி. அண்டைவீட்டான் கொடுத்திருப்பான் என்று இவன் இருக்கிறான். இவன் கொடுத்திருப்பான் என்று அவன் இருக்கிறான். என் சிறுவயதில் ஊர் இத்தனை கெட்டுக் கிடக்கவில்லை.

உமது ஓலை திருநாளின் மூன்றாம் நாள் எம் கைக்கு வந்தது. கோட்டை வாயிலில் உள்ள அறச்சாலைக்குத் திருநாட் காலத்தில் ஈகை குறைவது ஏன் என்று கேட்டிருந்தீர். பன்னிரண்டாம் நாளுக்குள் அரிசி நிறையாவிடில், இரக்கமற்ற ஊருக்கு அறச்சாலை எதற்கு என்று கருதி, அங்கிருக்கும் நாற்பத்தொருவரையும் எல்லைக்கு அப்பால் விட்டு, சாலையைக் குதிரைக் கொட்டிலாக்கவும் பணித்திருந்தீர். அந்த நாற்பத்தொருவரில் எழுந்து நடக்கக் கூடியவர் பதினெட்டுப் பேர்தான். எல்லைக்கு அப்பால் உப்பளம். அதை நீர் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

வீடு வீடாய் நானே போனேன். ஒருவன் மகளுக்குச் சீர் என்றான். ஒருவன் வீடு நிறைய விருந்து, அரிசி அவர்களுக்கே காணவில்லை என்றான். ஒருத்தி போன மாதமே இட்டாயிற்று என்றாள். எல்லாம் கேட்கச் சரியாகத்தான் இருந்தது, அதனாலேயே ஐயப்பட்டேன். ஏனென்றால், செக்குக்கார நங்கைச்சி என்று ஒரு கைம்பெண் இங்கே இருக்கிறாள். ஆண்டு முழுதும், மாதம் தவறாமல், கேளாமலே ஒரு பொதி அரிசி கொண்டுவந்து வாயிற் கல்தொட்டியில் கொட்டிப் போகிறவள். பஞ்சத்திலும் நிறுத்தாதவள். அவளே திருநாள் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கஞ்சத்தனம் மாதம் பார்த்து வருமோ?

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. கோட்டை ஆணை என்றேன். ஒரு விரற்கிடை திறந்தாள். அவள் சொன்னதை அவள் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறேன். “தொட்டியில் கொட்டச் சொல்லுங்க தலைவரே, ரெண்டு பொதி கொட்டுறேன். பேரைச் சொல்லிப் போடச் சொன்னீங்கன்னா ஒரு பிடி போட மாட்டேன். அவரு பதில் சொல்றாரு.”

இங்கே உமது பழைய ஆணையை உமக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாண்டுக்கு முன், திருநாட் காலத்தில் எவரும் தொட்டியில் இடலாகாது, உச்சிப்பொழுதில் நீராடி வந்து, ஏற்போர் வரிசைமுன் நின்று, தம் வீட்டில் இறந்துபட்டவர் பேரை உரக்கச் சொல்லி, ஏற்பவர் துணியில் தம் கையாலே இடவேண்டும் என்று விதித்தீர். செத்தவர் பேரைச் சொன்னபின் எவனும் கையைச் சுருக்க மாட்டான் என்று நினைத்தீர். முதலாண்டு அப்படித்தான் நடந்தது. அரிசி வைக்க இடமில்லை. மறு ஆண்டு பாதி. இவ்வாண்டு முதல் நான்கு நாளில் ஒருவேளைக் கஞ்சிக்கும் காணவில்லை.

நங்கைச்சி போன திருநாளில் செத்துப்போன தன் கணவன் பேரைச் சொல்லி, ஏற்போரில் வெள்ளாச்சி என்பவள் துணியில் இட்டாளாம். வெள்ளாச்சி நிமிர்ந்து, ஆண் குரலில், “கை அளந்தே போடுவியேடி நீ, இன்னும் அந்தப் புத்தி போகலையா?” என்றாளாம். அது அவள் கணவன் சோறு போடும்போதெல்லாம் செய்த கேலியாம். இவள் சிரித்தே விட்டாளாம், பாவம், பழக்கத்தில். அடுத்து அந்தக் குரல், “மகளும் மருமகனும் வந்திருக்காங்களாமே, எனக்கும் ஒரு இலை போடு, வரேன்” என்றதாம். வீட்டுக்கு ஓடி வந்து தாழிட்டவள், திருநாள் முடிந்தபின்தான் திறந்தாளாம்.

இதைக் கேட்டு நான் நகைத்தேன். வெள்ளாச்சிக்கு நாக்கு இல்லை. ஒன்பதாண்டுக்கு முன் கொள்ளையர் அறுத்துவிட்டார்கள். இந்த வாயிலில் அவளைக் கொண்டுவந்து கிடத்தியவனே நான். ஆனால் நங்கைச்சியை விட்டு அடுத்த தெருவுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. தச்சன் ஒருவன் தாய் பேரைச் சொன்னானாம். அரிசியை ஏற்ற கண்ணில்லாத கிழவன் ஒருவன் தச்சனைச் சிறுவயதுச் செல்லப்பேரால் அழைத்து, அடுப்பில் பால் வைத்துவிட்டாயா என்றானாம். சீர் என்று சொன்னவனும் விருந்து என்று சொன்னவனும் மறுபடி கேட்டபோது தாமும் குரல் கேட்டதாக ஒப்புக்கொண்டார்கள்.

கூத்தாடிகள் உதடசையாமல் பேசுவதை நான் மூன்று ஊரில் கண்டிருக்கிறேன். அறச்சாலைச் சமையற்கட்டில் எவனோ அப்படி விளையாடுகிறான் என்று முடிவு செய்தேன். ஏழாம் நாள் உச்சியில் அறச்சாலைக்குள் ஏற்போர் தவிர எல்லாரையும் வெளியேற்றி, வாயிலில் இரண்டு வீரரை நிறுத்தினேன். என் வீட்டுப் பானையிலிருந்து அரிசி எடுத்துப் போனேன். ஆற்றங்கரைப் பறை அப்போது ஓய்ந்திருந்தது. காக்கை கூடக் கரையவில்லை. முற்றத்தில் என் நிழல் காலடிக்குள் கிடந்தது. நாற்பத்தொருவரும் துணியை விரித்துத் தலை கவிழ்ந்து இருந்தார்கள். முதலில் வெள்ளாச்சியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கின் அடிக்கட்டைதான் இருந்தது.

இந்த ஊரார் எவரும் அறியாத பேர் ஒன்றைச் சொல்லவேண்டும் என்று திட்டம். என் தம்பி எயினன் பேரைச் சொல்லி அவள் துணியில் இட்டேன்.

அமைச்சரே, இதை மறைத்து எழுதினால் உமக்கு விடை கிடைக்காது, ஆகவே எழுதுகிறேன். முப்பத்தெட்டு ஆண்டுக்கு முன், படை பின்வாங்கியபோது, கருங்கழியைக் கடக்கையில் எயினனை வெள்ளம் கொண்டது. கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது. கயிறு அறுந்தது என்று பாசறையில் சொன்னேன். பழைய கோமான் என் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லிக் காலுக்கு வீரக்கழல் தந்தார்.

வெள்ளாச்சி நிமிர்ந்தாள். “அண்ணே, கயிறு அறுந்தே போகலையே” என்றாள். பதினேழு வயதுக் குரல். “திருநாளுக்கு எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க. நானும் வரட்டா?”

அறை அறையாகத் தேடினேன். விறகடுக்கைக் கலைத்தேன். கூரையில் ஆள் ஏற்றினேன். ஒருவரும் இல்லை. வாயிற் காவலர் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். இருந்தும் சொல்கிறேன், செத்தவன் பேசினான் என்பதை நான் நம்பவில்லை. அன்றைய படையில் எஞ்சிய எவனோ எங்கோ உளறியிருப்பான். எப்படி இவள் செவிக்கு வந்தது, எந்த நாக்கால் சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்.

நம்புவது வேறு, ஊரை நடத்துவது வேறு. அன்று மாலையே பறையறைவித்தேன்: எவரும் எவர் பேரையும் சொல்லவேண்டாம், எவர் முகத்தையும் பார்க்கவேண்டாம், பழையபடி தொட்டியில் கொட்டிப் போகலாம் என்று. எட்டாம் நாள் விடியலிலேயே வந்தார்கள். தலையை நிமிர்த்தாமல் கொட்டினார்கள், வேகமாய்ப் போனார்கள். நங்கைச்சி சொன்னபடியே இரண்டு பொதி கொண்டுவந்தாள். ஒன்பதாம் நாள் தொட்டி வழிந்து, மண்ணிலிருந்து அள்ளவேண்டியதாயிற்று. உமது கேள்விக்கு என் விடை இவ்வளவே: இவ்வூரார் இரக்கம் கெட்டவர் அல்லர், அஞ்சியவர். அஞ்ச வைத்தது உமது ஆணை.

ஆகவே கோமானிடம் எடுத்துரைத்து, பேர் சொல்லி இடும் விதியை ஏழு ஊரிலும் விலக்குக. உம் ஆணையை நான் மீறியது குற்றமாயின் தண்டம் என்னோடு நிற்க. அறச்சாலைத் திறவுகோல் என் இடுப்பில் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை அங்கே குதிரை நுழையாது. குதிரைகளுக்கு வேறு கூரை தேடுக. கயிற்றுச் செய்திக்கு என்ன தண்டம் என்பதைக் கோமான் கேட்டால், வந்து நின்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓலை கொண்டுவரும் தூதனுக்கு மாற்றுக் குதிரையும் உணவும் தந்து அன்றே திருப்புக. என் மீன் முத்திரை அரக்கில் இடுகிறேன். சொன்னது மெய், எழுதியது என் கை. கோமான் நெடிது வாழ்க, நாடு நிலைபெறுக.

முத்திரை இடுமுன் ஒன்று. இன்று பத்தாம் நாள். ஓலை நறுக்கு வாங்க அறச்சாலை வழியே நடந்தேன். தொட்டி நிறைந்து கிடக்க, எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளாச்சி மட்டும் குடிக்கவில்லை. ஏழாம் நாள் நான் இட்ட அரிசி அவள் துணியில் அப்படியே இருந்தது. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எம் பக்கம் பத்து நாளாய் மழையில்லை. அவள் என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்த வெறும் தரையை, வந்து உட்கார் என்பது போல, கையால் தட்டினாள். வெயிலில் கண் கூசியிருக்கும், அல்லது எவளோ தண்ணீர் கொட்டியிருப்பாள். நான் நிற்கவில்லை. கேட்கவுமில்லை. திரும்பிப் பாராமல் கோட்டைக்கு நடந்தேன். எனக்கு இதில் இன்னும் நம்பிக்கை இல்லை.