சுமன் ஒரே வரியில் நின்ற கதை

அன்பு மகள் டிலானிக்கு,

கர்த்தருடைய தயவால் கொட்டாஞ்சேனையில் நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். மெல்பேர்ன் குளிரில் நீயும் மருமகனும் தடிமன், காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா காலைச் செபத்தில் மறக்காமல் சொல்கிறார். போனில் கதைக்கும்போது உன் தம்பி சுமன் பக்கத்திலேயே இருந்துகொண்டு அவனைப் பற்றி வாய் திறக்க விடுகிறான் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒருகொடவத்தை கொள்கலன் யார்டில் வேலை செய்யும்போது, பாரம் தூக்கும் போர்க்லிப்ட் மோதி அவனுடைய கால் முறிந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியால் வந்து கட்டிலில் கிடந்தவனிடம், சும்மா கிடக்காமல் வேதத்தையாவது வாசி என்று கொடுத்தேன். பதினைந்தாம் சங்கீதத்தை எடுத்தான். சின்னச் சங்கீதம், நான் என்றால் தேத்தண்ணி ஆற முன்னம் வாசித்து முடித்துவிடுவேன். இவனோ கிழமைக்கணக்கில் ஒரே வரியில் நின்றான். கர்த்தருடைய கூடாரத்தில் தங்கக்கூடியவன் தன் மனதுக்குள்ளும் உண்மை பேசுகிறவன் என்று வருகிறதே, அந்த இடம். காலையில் வாய்க்குள் மெல்லச் சொல்வான், மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பான், பின்னேரம் திரும்ப அதே வரி. எனக்குப் பொறுமை போய், எப்போதடா அடுத்த வசனத்துக்குப் போவாய் என்று கேட்டேன். "அப்பா, வாயால உண்மை சொல்லுறது விளங்குது. மனசுக்குள்ள உண்மை சொல்லுறதெண்டா என்ன?" என்றான். இத்தனை வருடமாகச் சேர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற நான், போதகரிடம் கேள் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனேன் மகள்.

அதற்குள் யார்டில் விசாரணைக்கு நாள் வைத்தார்கள். மெஷினை ஓட்டிய நப்ரீஸை அன்றே வேலையில் இருந்து நிறுத்தியிருந்தார்கள். அவனுக்குக் கிராண்ட்பாஸில் வாடகை வீடு, மனைவி லுத்பியா, கைக்குழந்தை. பிழை முழுக்க அவனுடையது என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம், சுமனும் சொன்னான். விசாரணைக்கு முந்தின நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு இருத்தினான். "நான் போனைப் பார்த்துக்கொண்டு, ஆக்கள் தாண்டக்கூடாத மஞ்சள் கோட்டைத் தாண்டினனான். அவன் ஹோர்ன் அடிச்சது காதில விழுந்தது, நான் நிக்கேல்ல. அவன்தான் பிழையெண்டு எனக்கு நானே சொல்லிச் சொல்லி நம்பிட்டன். அந்த வரி என்னை விடுகுதில்ல, அப்பா" என்றான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. சுப்பர்வைசர் பதவி அவனுக்கு என்று பேசி முடித்திருந்த நேரம். யாரும் கேட்காததை நீ ஏன் சொல்ல வேண்டும், பேசாமல் இரு என்றேன். அம்மாதான் குறுக்கிட்டார். "பிள்ளை ஆண்டவரிட்டக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திட்டான், நீங்கள் நடுவில நிக்காதேங்கோ." மறுநாள் ஊன்றுகோலோடு த்ரீவீலரில் போய் நடந்ததை அப்படியே சொன்னான். மனேஜர் சிங்களத்தில், யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டாராம். கனகாலம் யோசித்துவிட்டேன் சேர் என்றானாம். பதவி வேறொருவருக்குப் போனது. நப்ரீஸுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அந்தக் கிழமையே நம் ஃபிளாட்டில் லிப்ட் பழுதாகி, நாலாம் மாடியில் இருந்து சுமனால் இறங்க முடியவில்லை. ஞாயிறு காலை கதவைத் தட்டியது யார் என்று பார்த்தால் நப்ரீஸ். எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான். "ஏறுங்க மச்சான், ஆராதனைக்கு நேரமாகுது" என்று முதுகைக் காட்டிக் குனிந்தான். நான் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன், கண் கலங்கிப் படி சரியாகத் தெரியவில்லை. நீ நேர்ஸாகி வெளிநாடு போன அன்றைக்கு இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாத அளவுக்குப் பெருமையாக இருக்கிறது.

வேலைக்கு ரயிலில் போகும்போது வாசித்தே ஒரு வருடத்தில் வேதம் முழுவதையும் முடிக்கிறேன் என்றாய், சந்தோஷம். ஆனாலும் ஒரு நாளைக்கு ஏதாவது ஒரு வரியில் இறங்கி நில். அது உன்னிடம் எதையாவது கேட்கும் வரைக்கும் அவசரப்படாதே. சுமன் இப்போது அடுத்த வரிக்குப் போய்விட்டான், நாவால் புறங்கூறாதிருப்பது பற்றியது. அவன் அதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியதில் இருந்து, கீழ் வீட்டு மேபல் அன்ரியோடு கதைக்கும்போது அம்மா நிறுத்தி நிறுத்திக் கதைக்கிறார்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உங்கள் வீட்டைச் சமாதானத்தால் நிரப்புவாராக. நைட் டியூட்டிக்குப் போகும்போது சாப்பிடாமல் போகாதே.

என்றும் உனக்காகச் செபிக்கும்
அப்பா,
தங்கையா