கிழக்கு ஸ்டேஷன் பக்கம் நாம் பார்த்த வீடு

பக்கத்துப் போர்ஷன்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையிலிருந்து அங்கே வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் வாசனை என் சமையலறை வரை வந்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறேன். பால் பொங்கி வழிந்த பிறகுதான் தெரிந்தது. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. எத்தனையோ முறை எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது, இன்று உட்கார்ந்துவிட்டேன்.

நாம் வீடு தேடிய அந்த இரண்டு மாதமும் எந்தக் கதவைத் திறந்தாலும் இந்த வாசனைதானே முதலில் வரும்? வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. பெங்களூர் கண்டோன்மெண்டில் தெருவுக்கு இரண்டு வீட்டு வாசலில் ‘டு லெட்’ பலகை தொங்கியது. நம் விடுதியை நடத்திவந்த அம்மையாரும் சீமைக்கே திரும்பிவிட முடிவு செய்தார். அங்கே தங்கி வேலைக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, கோடை விடுமுறைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

எனக்குக் குடியாத்தத்தில் அண்ணன் இருந்தார். உனக்குக் கோலார் தங்கவயலில் அண்ணன். போவதற்கு இடமில்லாமல் இல்லை. ஆனால் போனால் பள்ளிக்கூட வேலை போய்விடும். நீ மூன்றாம் வகுப்பு டீச்சர், நான் இரண்டாம் வகுப்பு. என் பிள்ளைகள்தான் மறு வருஷம் உன் பிள்ளைகள்.

“அண்ணன் நல்லவர்தான். ஆனா அந்த வீட்டுக்குள்ள ஒருவாட்டி போயிட்டா நான் டீச்சர் இல்ல, அத்தை. அஞ்சு புள்ளைங்களுக்கும் அத்தை. அவ்வளவுதான்” என்றாய். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

இருவரும் சேர்ந்து ஒரு வீடு எடுப்பது என்று நீதான் ஆரம்பித்தாய். என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாய். வீட்டுக்குள்ளேயே குழாய். பள்ளிக்கு நடக்கிற தூரம். உனக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம், எனக்கு அல்சூர் கோயிலுக்குப் போய்வர வசதி. கடைசியில் ஒரு நல்ல ஜன்னல். விடுதியில் உன் கட்டில் சுவரோரம் இருந்தது. எழுந்ததும் ஆகாயத்தைப் பார்க்க வேண்டும் என்பது உன் ஆசை.

சனிக்கிழமை மத்தியானங்களில் கிளம்புவோம். விவேக் நகரில் ஒரு பெரியவர் வீட்டையெல்லாம் நன்றாகச் சுற்றிக் காட்டிவிட்டு, வீட்டுக்காரர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். “வேலைக்குப் போறது நாங்க. வாடகை குடுக்கப்போறதும் நாங்க. அப்ப நாங்கதாங்க வீட்டுக்காரங்க” என்றாய். அவர் கதவைப் பூட்டிவிட்டார். தெருமுனை வரை நமக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இன்னொரு வீட்டில் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, எனக்கு மட்டுமென்றால் தருவதாகவும், கிறிஸ்தவப் பெண் கூட வருவது சரிப்படாது என்றும் சொன்னார்கள். வந்தால் இரண்டு பேரும்தான் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். உன்னிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய்.

அப்படிச் சொன்னவளும் நான்தான். அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் ஆற்றிக்கொள்ள முடிவதில்லை.

காக்ஸ் டவுனில், கிழக்கு ஸ்டேஷன் பக்கம், அந்த வீடு கிடைத்தது. முன்பாதியில் வீட்டுச் சொந்தக்காரி, கணவரை இழந்த கன்னடத்து அம்மாள். நமக்குப் பின்பாதி. ஓட்டுக் கூரை, வழவழவென்று சிவப்புத் தரை, உள்ளேயே குழாய். பின்னறை ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை. நாம் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வண்டி போனது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. நீ உன் முந்தானையை விரித்துச் சுவரை அளந்தாய். மேசை இங்கே, என் பெட்டி அங்கே என்று காற்றிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டாய்.

அந்த அம்மாள் நம்மை நிதானமாகப் பார்த்தார். “ஒப்பளிகே கொடல்லம்மா” என்றார். பிறகு நமக்காகத் தமிழிலேயே சொன்னார்: “ஒருத்திக்கு மட்டும் குடுக்கமாட்டேன். தனியா ஒரு பொம்பள இருந்தா எனக்கும் பயம், ஊருக்கும் பேச்சு. ரெண்டு பேரும்னா சரி. வர்ற ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு ஒண்ணா வந்து சாவி வாங்கிக்கோங்க. ரயில்வேக்காரர் ஒருத்தரும் கேட்டிருக்காரு.”

நான் அண்ணனுக்கு எழுதியிருந்தேன். சந்தோஷப்படுவார் என்றே நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவரே வந்து நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் ரோஷம் வந்திருக்கும். விடுதி முன்னறையில் உட்கார்ந்து, ஆம்பூரில் ஒரு வரன் வந்திருக்கிறது, பெண் தனியாக வீடெடுத்து இருக்கிறாள் என்று தெரிந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள், அம்மா இருந்திருந்தால் சம்மதித்திருப்பாளா என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எப்படியாவது வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ காலைப் பிரார்த்தனை முடித்து நேரே அங்கே போவதாகவும், நான் விடுதியிலிருந்து வருவதாகவும் ஏற்பாடு. எட்டு மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு தயாராகிவிட்டேன். அண்ணன் மறுபடி வந்தார். காப்பி சாப்பிட்டோம். ஒன்பது அடித்தது. பத்து அடித்தது. அவர் என்னைக் கட்டிப்போடவில்லை. வாசலை மறிக்கவுமில்லை. பத்து நிமிஷ நடை. நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதற்கு எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எழுந்திருக்கவில்லை என்பதுதான் நிஜம்.

நீ இரண்டு மணிக்கு வந்தாய். வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. கையில் ஒரு புதுத் துடைப்பம். அந்த அம்மாள் பன்னிரண்டு மணி வரை பார்த்துவிட்டு ரயில்வேக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டாராம். அதற்குப் பிறகும் எனக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறாய்.

அண்ணன் வந்துவிட்டார் என்று ஆரம்பித்தேன்.

“அண்ணன் எனக்கும்தான் இருக்காரு” என்றாய். துடைப்பத்தை மூலையில் சாய்த்துவைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாய். “வரலேன்னு நேத்தே சொல்லியிருந்தா வேற ஒருத்தியக் கூட்டிட்டுப் போயிருப்பேன்டி. ஒரு வார்த்தை. அவ்வளவுதான கேட்டிருப்பேன்.”

அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. விடுதியில் மிச்சமிருந்தவர்களைக் கேட்டுப் பார்த்தாய். எல்லோரும் ஏற்கெனவே வேறு இடம் பார்த்துவிட்டிருந்தார்கள். பத்தாம் நாள் தங்கவயலுக்குக் கிளம்பினாய். கிழக்கு ஸ்டேஷனுக்கு நான்தான் வழியனுப்ப வந்தேன். நம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியே பேசினாய். யாருக்குப் பெருக்கல் வராது, யாரை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம். வண்டி அந்த வீட்டைத் தாண்டித்தான் போயிருக்கும். நீ எட்டிப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தலைமையாசிரியை தன் வீட்டில் ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தார். ஆம்பூர் வரன் தட்டிப்போனது. வேலைக்குப் போகாத பெண்தான் வேண்டுமாம். அப்புறம் வந்தவையும் அமையவில்லை. இரண்டு வருஷம் கழித்து நான் தனியாகவே மர்பி டவுனில் இந்த வீட்டை எடுத்தேன். அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டேன், அவ்வளவுதான். முதல் மாதம் முழுக்க யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். எதிர்வீட்டுக் கொத்தனாரின் மனைவி ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுத்து, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்தப் பேச்சுக்குப் பயந்து உன்னை வாசலில் நிற்கவைத்தேனோ, அந்தப் பேச்சை யாருமே பேசவில்லை.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் எழுதியபோது உன் பதில் நாலே நாளில் வந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றுதான் முதலில் கேட்டிருந்தாய். அண்ணன் மகள் பெரியவளுக்குப் பரீட்சை முடியட்டும், மே மாதம் வந்துவிடுகிறேன், பள்ளியில் இடமிருக்கிறதா என்று கேட்டுவை என்று எழுதியிருந்தாய். கேட்டேன். இருந்தது. நான் இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டேன்.

மார்ச்சில் உனக்கு டைபாய்டு. உன் அண்ணனின் கார்டு எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளைகளை விட்டு நீ ஒரு நாள்கூடப் பிரிந்ததில்லை என்று எழுதியிருந்தார். மெச்சித்தான் எழுதியிருந்தார், பாவம்.

தங்கவயலுக்குப் போனேன். உன் அண்ணி அழுதுகொண்டே நீ படுத்திருந்த இடத்தைக் காட்டினார். சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவே ஒரு நடை. ஜன்னல் இல்லை. பெரிய பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அத்தை பெங்களூர் வர்றதுக்கு டிரங்குப் பெட்டிகூடக் கட்டி வச்சிருந்தாங்க டீச்சர். பரீட்சைக்கு ரெண்டு மாசம் முந்தியே. அம்மா பாத்தா வருத்தப்படுவாங்கன்னு கட்டிலுக்கடியில தள்ளி வச்சிருந்தாங்க” என்றாள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிறீர்களா என்று கேட்டாள். எனக்குத் தைரியமில்லை.

போன வருஷம் அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து இங்கேதான் படிக்கிறாள். என்னோடு இருக்கட்டும் என்று நான் கேட்டதற்கு உன் அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. உனக்கென்று வாங்கிய கட்டிலில் அவள்தான் படுத்துக்கொள்கிறாள். நீ கணக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தை அடிக்கடி சொல்வாள். நாம் பார்த்த வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் இன்னும் சொல்லவில்லை.

உனக்கு நான் எழுதிய அந்தக் கடிதத்தில் இந்த வீட்டைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தேன். அறையின் நீள அகலம், குழாய், அக்கம்பக்கம் எல்லாம். மன்னித்துவிடு என்று மட்டும் எழுதவில்லை. காகிதத்தில் எழுதுகிற விஷயமா, வந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அந்த வார்த்தை இன்னும் என்னிடமே இருக்கிறது.